மூடினால் சுரக்கும்: அட்ரினல் செல்லுக்குள் ஓடும் மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். 11-ஆம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் வரும்போது "ஏசிடிஎச் அட்ரினல் கார்டெக்ஸைத் தூண்டிக் கார்ட்டிசாலைச் சுரக்கச் செய்கிறது" என்று ஒரு வரி வரும். ஏசிடிஎச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடும் ஹார்மோன். அந்தத் "தூண்டி" என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது கேட்டுவிடுகிறார்கள். என் தம்பிக்கு இதே சுரப்பியில் கட்டி வந்த பிறகு தெருவிலும் உறவிலும் இருப்பவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வகுப்பில் வந்த கேள்விகளையும் வாசலில் நின்று கேட்ட கேள்விகளையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அட்ரினல் என்பது எங்கே இருக்கிறது? அதில் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கொன்று உட்கார்ந்திருக்கும். ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். நடுவில் மெடுல்லா, சுற்றிலும் கார்டெக்ஸ். கார்டெக்ஸில் மூன்று அடுக்கு. வெளியே சோனா குளோமரூலோசா. அது அல்டோஸ்டீரோனைச் சுரந்து உடம்பின் உப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. நடுவில் சோனா ஃபாசிகுலேட்டா. கார்ட்டிசால் அதன் வேலை. உள்ளே சோனா ரெட்டிகுலாரிஸ், ஆண் ஹார்மோன்களின் மூலப்பொருள்களைத் தருவது. இந்தப் பக்கத்தில் முதல் இரண்டு அடுக்குகள்தான் நம் கதை.

மிஸ், ஹார்மோன் வேதிப்பொருள்தானே? நடுவில் மின்சாரம் எங்கிருந்து வந்தது? செல் என்ன பேட்டரியா?

ஆமாம், பேட்டரிதான். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் உவமைக்காகச் சொல்லவில்லை.

செல்லுக்கு உள்ளே ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. வெளியே இரத்தத்தில் நான்குதான். சோடியம் இதற்கு நேர்மாறாக, வெளியே நிறைய, உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்ற சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ராத்திரி பகலாக ஏடிபி என்ற செல்லின் எரிபொருளைச் செலவு செய்துகொண்டிருக்கிறது. சவ்வில் பொட்டாசியம் மட்டும் போகக்கூடிய கால்வாய்கள், அதாவது புரதத்தாலான துளைகள், திறந்திருந்தால், உள்ளே நெருக்கிக்கொண்டிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். அது நேர்மின்சுமை உள்ளது. கசியக் கசிய உள்பக்கம் எதிர்மின்னாகும். ஒரு கட்டத்தில் அந்த எதிர்மின்னே பொட்டாசியத்தை உள்ளே பிடித்து இழுத்துக் கசிவைச் சமன் செய்துவிடும். அங்கே நின்றுவிடுகிற மின்னழுத்தத்தை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் சுமார் மைனஸ் 95 மில்லிவோல்ட் வரும். அட்ரினல் கார்டெக்ஸ் செல் ஓய்வில் இருக்கும்போது மைனஸ் 80-ஐ ஒட்டி நிற்கும். சோடியம் கொஞ்சம் உள்ளே கசிவதால் அந்த வித்தியாசம்.

ஒரு டார்ச் பேட்டரி 1.5 வோல்ட். இது அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் சவ்வின் தடிமன் மிக மிகக் குறைவு என்பதால் அதிலிருக்கும் புரதங்களுக்கு அந்த அழுத்தம் பெரிய விசை.

ஹார்மோன் வந்தால் பொட்டாசியக் கால்வாய் மூடும் என்கிறீர்களே, கதவைத் திறந்தால்தானே ஏதாவது நடக்கும்? மூடினால் எப்படிச் சுரக்கும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். இதைக் கேட்காத வகுப்பில் நானே கேட்டுவிடுவேன்.

வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். வடவாற்றில் கொஞ்சமாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மதகுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. வருவதெல்லாம் போய்விடுவதால் நீர்மட்டம் கீழேயே கிடக்கும். இப்போது வரத்தை ஒரு சொட்டுக்கூட அதிகமாக்காமல் மதகை மட்டும் இறக்குகிறோம். மட்டம் தானாக ஏறும்.

அட்ரினல் செல்லில் பொட்டாசியக் கால்வாய்தான் திறந்தே கிடக்கும் மதகு. சோடியம் போன்ற நேர்மின் அயனிகளின் சிறு கசிவுதான் வரத்து. நீர்மட்டம் என்பது செல்லின் மின்னழுத்தம். ஏசிடிஎச் அல்லது ஆஞ்சியோடென்சின்-2 (உடம்பில் உப்பு குறையும்போது உருவாகும் இன்னொரு ஹார்மோன்) வந்து செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் அமர்ந்ததும் மதகை இறக்குகிறது. வெளியே போய்க்கொண்டிருந்த நேர்மின் நின்றுவிட, வரத்து தன் வேலையைக் காட்டுகிறது. மைனஸ் 80 மெல்ல மைனஸ் 70, மைனஸ் 60 என்று மேலே வருகிறது.

அந்த இடத்தில் இன்னொரு கால்வாய் காத்திருக்கிறது. டி-வகைக் கால்சியக் கால்வாய் என்று பெயர். நரம்பிலும் இதயத்திலும் இருக்கும் மற்ற கால்சியக் கால்வாய்கள் பெரும்பாலும் அழுத்தம் நன்றாக ஏறினால்தான் திறக்கும். இது மைனஸ் 60-களிலேயே திறக்கத் தொடங்கிவிடும். ஓய்வழுத்தத்துக்குப் பக்கத்திலேயே விழித்திருக்கும் காவல்காரன் என்று சொல்லலாம். அது திறந்ததும் கால்சியம் பாய்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல். கொஞ்சம் வழி விட்டாலே போதும்.

ஏரி உவமை இதற்கு மேல் வராது. ஏரியில் மட்டம் ஏறினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியே போகும். இங்கே மட்டம் ஏறினால் கால்சியம் உள்ளே வருகிறது.

அப்படிப் பொட்டாசியம் கசிந்துகொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துவிடாதா?

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். வகுப்பிலேயே கணக்குப் போட்டோம். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை செல் ஒன்றின் அழுத்தத்தை 20 மில்லிவோல்ட் மாற்ற ஏறக்குறைய 15 லட்சம் அயனிகள் நகர்ந்தால் போதும். அதே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசிய அயனிகள் சுமார் 35,000 கோடி. இரண்டு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. மின்னழுத்தம் தலைகீழாக மாறினாலும் உள்ளே இருக்கும் சரக்கு அப்படியே இருக்கும். பம்ப் இருக்கும்வரை கவலையில்லை.

ஏசிடிஎச் செல்லுக்குள் போகாமலே எப்படிக் கால்வாயை மூடுகிறது?

ஏசிடிஎச் 39 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. கொழுப்புச் சவ்வைத் தாண்ட அதனால் முடியாது. வெளியிலேயே ஏற்பியில் உட்கார்ந்து தகவலை மட்டும் உள்ளே அனுப்புகிறது. ஜி-புரதம், அடினைலேட் சைக்ளேஸ், அங்கிருந்து செல்லுக்குள் தகவல் கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் வழிதான்.

பசுவின் அட்ரினல் ஃபாசிகுலேட்டா செல்களை வைத்து அமெரிக்காவின் ஒகையோவில் ஒரு ஆய்வகம் பல ஆண்டுகள் இதைத் தோண்டிப் பார்த்தது. அவர்கள் கண்ட கால்வாயின் பெயர் ட்ரெக்-1. இரண்டு துளைப்பகுதி உள்ள பொட்டாசியக் கால்வாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. செல் ஓய்வாக இருக்கும்போது இதுதான் அழுத்தத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. ஏசிடிஎச் வந்தாலும் இது மூடும், ஆஞ்சியோடென்சின்-2 வந்தாலும் இது மூடும். இரண்டும் வேறு வேறு ஏற்பிகள், உள்ளே வேறு வேறு தூதுவர்கள். போய்ச் சேரும் இடம் மட்டும் ஒரே கால்வாய். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்தாலும் முதுநகரிலிருந்து வந்தாலும் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்து சேர்வதுபோல.

வெளி அடுக்கான குளோமரூலோசாவில் இதே வேலையை டாஸ்க்-1, டாஸ்க்-3 என்ற உறவுக் கால்வாய்கள் பெரும்பாலும் செய்கின்றன. எலிகளில் இந்த இரண்டு மரபணுக்களையும் நீக்கிப் பார்த்தார்கள். மதகே இல்லாத ஏரிபோல் செல்லின் அழுத்தம் மேலேயே நின்றது. அல்டோஸ்டீரோன் கேட்பாரற்றுச் சுரந்தது.

கால்சியம் உள்ளே வந்துவிட்டது. அதற்கும் கார்ட்டிசாலுக்கும் என்ன தொடர்பு?

கார்ட்டிசாலும் அல்டோஸ்டீரோனும் ஸ்டீராய்டுகள். ஸ்டீராய்டு எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை வெட்டும் முதல் நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கிறது. கொலஸ்ட்ராலோ வெளிச்சவ்வு வரை வந்து நின்றுவிடும். இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் நீர். எண்ணெய்த்தன்மை உள்ள கொலஸ்ட்ரால் தானாக அதைக் கடக்காது. மூலப்பொருளும் நொதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வேலை நடக்காது. கடத்திவிட ஸ்டார் என்ற புரதம் வேண்டும். 1994-இல் அடையாளம் கண்டார்கள். இந்தப் புரதம் குறைப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு அட்ரினலில் கொழுப்பு தேங்கிக் கிடக்கும், ஸ்டீராய்டு மட்டும் வராது. தடங்கல் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

சைக்ளிக் ஏஎம்பியும் கால்சியமும் சேர்ந்து ஸ்டாரைப் புதிதாக உருவாக்கவும் வேலை செய்ய வைக்கவும் தூண்டுகின்றன. குளோமரூலோசாவில் கால்சியம் இன்னும் ஒரு படி போய், அல்டோஸ்டீரோனின் கடைசிக் கட்டத்தைச் செய்யும் நொதியின் மரபணுவையே முடுக்குகிறது. ஏசிடிஎச் கொடுத்த சில நிமிடங்களில் இரத்தத்தில் கார்ட்டிசால் ஏறத் தொடங்கிவிடும். அட்ரினல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஎச் ஊசி போட்டு, 30 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் இரத்தம் எடுப்பதன் அடிப்படை இதுதான்.

ஹார்மோனைப் பையில் கட்டி வைத்துத் தேவைப்படும்போது திறந்துவிட்டால் இன்னும் வேகமாக இருக்காதா?

இன்சுலின் அப்படித்தான், அட்ரினலினும் அப்படித்தான். ஸ்டீராய்டை அப்படி வைக்க முடியாது. அது கொழுப்பில் கரைவது. எந்தப் பையில் கட்டினாலும் பையின் சவ்வு வழியாகவே நழுவிப் போய்விடும். ஆகவே கார்டெக்ஸ் செல் ஹார்மோனைச் சேமிப்பதே இல்லை. கேட்டால்தான் செய்யும், செய்த கையோடு வெளியே போய்விடும். ஸ்டீராய்டைப் பொறுத்தவரை சுரத்தல் என்றாலே உற்பத்திதான்.

நம்ப முடியவில்லை என்றால் கறிக்கடைக்குப் போங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடை அண்ணனிடம் "குண்டிக்காயோடு ஒட்டின கொழுப்பை எடுக்காம அப்படியே குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிவந்தேன். கொழுப்பைப் பிரித்தால் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று கிடைக்கும். பிளேடால் குறுக்கே வெட்டினால் ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் வேறு நிறம். ஓரத்தில் தெரியும் மஞ்சள் சாயல் கார்டெக்ஸ் செல்களுக்குள் துளித்துளியாகச் சேமித்திருக்கும் கொலஸ்ட்ரால் கூட்டுப்பொருள்களால் வருவது. செல் சேமிப்பது ஹார்மோனை இல்லை, அதன் மாவை. இட்லி சுட்டு வைப்பதில்லை, மாவு அரைத்து வைத்திருக்கிறது. ஆள் வந்து உட்கார்ந்ததும் தட்டு அடுப்பில் ஏறும்.

பயந்தால் வருவது அட்ரினலின்தானே? அதுவும் இப்படித்தானா?

அது மெடுல்லாவின் கதை. முறையே வேறு.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் கரையைக் கடந்தபோது நாங்கள் வீட்டுக் கதவுக்கு அலமாரியை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுத் தகர ஷீட் பறந்து வந்து சுவரில் மோதிய நொடியில் நெஞ்சு படபடத்தது அட்ரினலினால். அங்கே நரம்பு நேரடியாக மெடுல்லா செல்லில் வந்து முடிகிறது. அசிட்டைல்கோலின் கொட்டியதும் சோடியம் உள்ளே பாயும் கால்வாய் திறக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, கால்சியம் நுழைகிறது, தயாராக இருக்கும் பைகள் வெடித்து அட்ரினலின் வெளியேறுகிறது. எல்லாம் நொடிகளில். இங்கே தூண்டுதல் என்பது திறப்பதுதான்.

அந்த ராத்திரி முழுக்கவும், மரமெல்லாம் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் கழிந்த அடுத்த நாள்களிலும் எங்களைத் தாக்குப்பிடிக்க வைத்ததில் கார்ட்டிசாலுக்குப் பங்கு உண்டு. மூளை சொல்ல, பிட்யூட்டரி ஏசிடிஎச்சை விட, இரத்தம் வழியாக அது வந்து சேர்ந்து மதகை இறக்கி, மாவிலிருந்து இட்லி வேக வேண்டும். நிமிடங்கள் ஆகும். ஆனால் அதன் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும். ஒரே சுரப்பிக்குள் அவசரத்துக்கு ஒன்றும் தாக்குப்பிடிக்க ஒன்றுமாக இரண்டு இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் மின்னோட்டம்தான் எல்லாம் என்று எழுதலாமா, மிஸ்?

எழுதாதீர்கள். ஏசிடிஎச்சைப் பொறுத்தவரை சைக்ளிக் ஏஎம்பி தன் வழியில் நேராகவே நொதிகளையும் ஸ்டாரையும் தூண்டும். மின்னழுத்தம் அதனுடன் சேர்ந்து வேலை செய்யும் இரண்டாவது கை. டி-வகைக் கால்வாயை மருந்தால் அடைத்தால் பசுவின் செல்களில் கார்ட்டிசால் குறைகிறது. ஆகவே அந்தக் கையை ஒதுக்கவும் முடியாது. குளோமரூலோசாவில் நிலைமை வேறு. அங்கே மின்னழுத்தமும் கால்சியமும்தான் முதல் ஆள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி-வகைக் கால்வாய் அழுத்தம் ஏறியபடியே நின்றால் களைத்து அடைத்துக்கொள்ளும். பிறகு எப்படி மணிக்கணக்கில் கால்சியம் வருகிறது? செல்களைப் பிரித்தெடுக்காமல் எலி அட்ரினலை மெல்லிய துண்டாக வெட்டி அளந்தபோது குளோமரூலோசா செல்களின் அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையடிப்பது தெரிந்தது. 2012-இல் வெளிவந்த முடிவு. ஒவ்வொரு இறக்கத்திலும் கால்வாய் களைப்பாறிக்கொள்கிறது. தனியாகப் பிரித்த செல்லில் தெரியாத ஒன்று, கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்தது.

ஒரே ஒரு செல்லில் ஓடும் மின்னோட்டத்தை எந்த மீட்டரால் அளப்பது?

பேட்ச் கிளாம்ப் என்ற முறை. ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் காட்டினார்கள், 1991-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும்படி செய்து, உப்புக் கரைசல் நிரப்பி, செல்லின் மேல் மெதுவாக வைத்து லேசாக உறிஞ்சினால் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஒரே ஒரு கால்வாய் திறந்து மூடுவதைக்கூட பிக்கோஆம்பியர் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

உப்பு, கருவாடு, வியர்வை இவற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. அல்டோஸ்டீரோன் சிறுநீரகத்திடம் "சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு" என்று சொல்லும் ஹார்மோன். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின்-2 உருவாகி, குளோமரூலோசாவின் மதகை இறக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் சில நாள் அவர் வியர்வை கண்ணில் இறங்கினால் எரியும். நாள் போகப்போக அல்டோஸ்டீரோன் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்து சோடியத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். வியர்வையின் கரிப்பு குறையும். தினமும் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாகச் சாப்பிடுகிறவருக்கு இதற்கு எதிர். ரெனின் குறையும், மதகு திறந்தே இருக்கும், அல்டோஸ்டீரோன் தாழ்ந்திருக்கும்.

இதில் அழகான பகுதி பொட்டாசியம். குளோமரூலோசா செல் பொட்டாசியத்தை ஹார்மோன் எதுவும் இல்லாமல் நேராகவே உணர்கிறது. இரத்தப் பொட்டாசியம் நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறினால் என்னாகும்? நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போடுங்கள். மைனஸ் 95, மைனஸ் 89 ஆகிறது. ஆறு மில்லிவோல்ட். பொட்டாசியக் கசிவையே நம்பி நிற்கும் செல் என்பதால் அதன் அழுத்தமும் கூடவே ஏறும். டி-வகைக் கால்வாய் அந்தச் சின்ன ஏற்றத்துக்கே அசையும். அல்டோஸ்டீரோன் சுரந்து, அதிகமான பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கண்காணிக்க வேண்டிய பொருளையே தன் மின்னழுத்தமாக வைத்துக்கொண்ட செல் இது. இதைவிட எளிமையான உணர்கருவியை நான் படித்ததில்லை.

கால்வாயே பழுதானால்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்வேன்.

1955-இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் 34 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். இரத்த அழுத்தம் அதிகம், பொட்டாசியம் மிகக் குறைவு, தசைகள் இழுத்துக்கொள்ளும், சில சமயம் கால்கள் செயலிழக்கும். அட்ரினலில் இருந்த கட்டியை எடுத்ததும் சரியானார். அந்தக் கட்டி அல்டோஸ்டீரோனை யார் சொல்லையும் கேட்காமல் சுரந்துகொண்டிருந்தது. ஏன் என்பதற்குப் பதில் கிடைக்க 56 வருடம் ஆனது.

2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் குழு இப்படிப்பட்ட கட்டிகளின் மரபணுக்களைப் படித்தது. பலவற்றில் கேசிஎன்ஜே5 என்ற ஒரே மரபணுவில் மாற்றம். அது ஒரு பொட்டாசியக் கால்வாய்க்கான குறிப்பு. மாற்றம் விழுந்த இடம் அந்தக் கால்வாயின் வடிகட்டி. பொட்டாசியக் கால்வாய் சோடியத்தை விடாது. சோடியம் உருவில் சிறியது, ஆனாலும் விடாது. பொட்டாசியம் தன் மேலிருக்கும் நீர்மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டு வடிகட்டிக்குள் நுழைந்தால் சுற்றிலும் ஆக்சிஜன் அணுக்கள் அளவெடுத்ததுபோல் தாங்கிக்கொள்ளும். சிறிய சோடியத்துக்கு அந்தத் தாங்கல் எட்டாது. இந்த அமைப்பை 1998-இல் பாக்டீரியக் கால்வாய் ஒன்றில் கண்டு காட்டிய ராடரிக் மக்கின்னன் 2003-இல் வேதியியல் நோபல் பெற்றார்.

கட்டியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் இந்த அளவு கெட்டுவிட்டது. சோடியம் உள்ளே நுழைகிறது. அழுத்தம் ஏறுகிறது. கால்சியம் வருகிறது. அல்டோஸ்டீரோன் ஓயாமல் சுரக்கிறது, செல்லும் பெருகுகிறது. ஹார்மோன் வந்து மதகை மூட வேண்டிய தேவையே இல்லை. மதகு வழியாகவே தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பிறகு கால்சியக் கால்வாய்களிலும் சோடியம்-பொட்டாசியம் பம்பிலும் இதேபோன்ற பழுதுகள் வேறு கட்டிகளில் தெரியவந்தன. எல்லாப் பழுதும் கடைசியில் கால்சியத்தில்தான் வந்து முடிகிறது.

என் தம்பிக்கு 33 வயதில் பிரஷர் என்றார்கள். மூன்று மாத்திரை போட்டும் 160-க்குக் கீழே வரவில்லை. மாடிப்படி ஏறும்போது தொடை சோர்ந்து உட்கார்ந்துவிடுவான். பொட்டாசியம் 2.8 வந்தது. "இளநீர் குடிங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் அனுப்பினார்கள். நான்கு வருடம் அப்படியே போனது. பாடம் நடத்தும் நானும் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வேறொரு ஊரில், வேறொரு இளம் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "அல்டோஸ்டீரோன் பார்த்தாச்சா?" என்று கேட்டார். இடது அட்ரினலில் கட்டி. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

யார் இதைப் பரிசோதிக்க வேண்டும்?

மூன்று மருந்து போட்டும் அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள். அழுத்தத்தோடு பொட்டாசியமும் குறைந்தவர்கள். குடும்பத்தில் 40 வயதுக்குள் பக்கவாதமோ உயர் அழுத்தமோ வந்தவர்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து அட்ரினலில் கட்டி தெரிந்து, அழுத்தமும் உள்ளவர்கள். இந்த நோய் உள்ள பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும், ஆகவே அது சரியாக இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. அல்டோஸ்டீரோனையும் ரெனினையும் அளந்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைதான் முதல் படி. சில பிரஷர் மாத்திரைகள் இந்த முடிவை மாற்றிவிடும். எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டீச்சர், நான் டெல்மிசார்ட்டன் போடுறேன். இளநீர் குடிக்கலாமா?

எதிர்வீட்டு அக்கா கேட்டது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் இவையெல்லாம் ஆஞ்சியோடென்சின்-2 உட்காரும் ஏற்பியை அடைப்பவை. அல்டோஸ்டீரோன் குறையும், பொட்டாசியம் சற்று ஏறும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு எப்போதாவது ஓர் இளநீர் பிரச்சினை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கூடவே அல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போடுகிறவர், சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கும் பொட்டாசிய உப்பை வாங்குகிறவர் மூவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் அட்ரினல் செல்லின் அழுத்தம் மட்டுமா மாறும்? இதயத் தசையும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது.

ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறார்கள்?

வெளியிலிருந்து பிரெட்னிசலோன் போன்ற செயற்கை ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏசிடிஎச்சை நிறுத்திவிடும். வாரக்கணக்கில் ஏசிடிஎச் இல்லாமல் போனால் ஃபாசிகுலேட்டா சுருங்கிவிடும். மாத்திரையை ஒரே நாளில் விட்டால் உள்ளே செய்ய ஆள் இல்லை. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குளோமரூலோசா மட்டும் தப்பிக்கும், அதற்கு ஆஞ்சியோடென்சினும் பொட்டாசியமும் போதும். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. முகம் உப்பி, தோலில் எளிதாகக் கன்றிப்போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறான். முதலில் இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்து, சுரப்பது இடதுதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு வயிற்றில் சிறு துளைகள் போட்டு அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். வலது பக்கத்துச் சுரப்பி ரொம்ப நாள் அடங்கிக் கிடந்ததால் முதல் சில வாரம் அதற்குச் சோம்பல். பொட்டாசியம் 5.3 வரை ஏறி, பிறகு இறங்கியது. இப்போது மூன்று மாத்திரை ஒன்றானது. போன மாதம் பார்த்த பொட்டாசியம் 4.2. தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலையில் என்னைவிட வேகமாக நடக்கிறான். எடுத்த கட்டியை வெட்டிப் பார்த்த மருத்துவர், உள்ளே மஞ்சளாக இருந்தது என்று சொன்னாராம். அவன் வந்து அதைச் சொன்னபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைதான் ஞாபகம் வந்தது.